பிறந்த நாளுக்குப் பிறந்த ஊர்

தாமான் மண்டபங்களில் இப்போது அறுபதாம், எழுபதாம் பிறந்த நாள் விழாக்கள் நிறைய நடக்கின்றன. கேக் வெட்டி முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் ஓட்டுகிறார்கள். அப்பா கல்யாணக் கோலத்தில், அப்பா பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அப்பா கேமரன் மலையில். எல்லாப் படத்திலும் அப்பா இருக்கிறார். அவர் ஓடி விளையாடிய ஊர் ஒரு படத்திலும் இல்லை.

அண்மையில் சில பிள்ளைகள் என்னிடம் வந்து, "ஐயா, அப்பாவோட ஊரைப் படம் எடுத்துப் பிறந்த நாளுக்குக் கொடுக்கலாம்னு இருக்கோம், எப்படிச் செய்யறது?" என்று கேட்கிறார்கள். பெர்த்திலோ லண்டனிலோ குடியேறிவிட்ட தோழிக்குக் கிள்ளானைப் படமாக்கி அனுப்ப வேண்டும் என்று ஒரு தங்கை கேட்டாள். இதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரிந்து வேறில்லை. அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். பெரிய கேமரா வேண்டியதில்லை, கையில் இருக்கும் போன் போதும்.

1. படம் எடுக்கும் முன் அவரைப் பேச வையுங்கள்.

"உங்களுக்குப் பிடிச்ச இடம் எதுப்பா?" என்று கேட்காதீர்கள். பத்துமலை என்பார், கோயில் என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். பள்ளிக்கு எந்த வழியாக நடந்து போனார், மழை பிடித்தால் எங்கே ஒதுங்கினார், முடி எங்கே வெட்டிக்கொண்டார், பாட்டி எந்தக் கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கினார், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார் என்று கேளுங்கள். பசியாறும்போது ஒன்று, காரில் போகும்போது ஒன்று என்று கேட்டால் போதும். பிறந்த நாளுக்குத்தான் என்று தெரிய வேண்டாம்.

கேட்டதை அவர் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பலருக்குக் கிள்ளான் துறைமுகம் இன்னும் போர்ட் சுவெட்டன்ஹாம்தான். பெயர் மாறியது 1972-ல். பெஸ்தாரி ஜெயா என்று 2007-ல் பெயர் மாற்றப்பட்ட ஊர் அவர்கள் வாயில் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கிறது. துன் சம்பந்தன் சாலையைப் பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்பார்கள். படத்தின் கீழே அவர் சொல்லும் பெயரை முதலில் எழுதி, இன்றைய பெயரை அடுத்து எழுதுங்கள். அவருக்கும் அடையாளம் தெரியும், பேரப்பிள்ளையும் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிப்பான்.

2. பிரிக்பீல்ட்ஸ் ஒன்றில்லை. யாருடைய பிரிக்பீல்ட்ஸ் என்று பாருங்கள்.

ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்றால் 1915-ல் ரயில்வே ஊழியர்களுக்கும் அரசுப் பணியாளர்களுக்கும் கட்டிய 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' வரிசை வீடுகள். இலங்கைத் தமிழர் குடும்பத்துப் பிள்ளைக்கு அது ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில். விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கு 1904-ல் எழுந்த விவேகானந்தா ஆசிரமக் கட்டடமும் அதன் முன்னே நிற்கும் சுவாமி விவேகானந்தர் சிலையும். அந்த இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்று 2014-ல் பேச்சு எழுந்தபோது பழைய மாணவர்கள் திரண்டு எதிர்த்தார்கள், பிறகு அது மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தெருக்களுக்குள்ளேயே லூத்தரன் தேவாலயம் இருக்கிறது, சிங்களப் பௌத்தர்கள் 1894-ல் தொடங்கிய மகா விகாரை இருக்கிறது, சீனர் கோயிலும் இருக்கிறது. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பிய பக்கத்து வீடு எந்தச் சமயத்து வீடு என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தெருவும் படத்தில் வர வேண்டும்.

ஒரே ஊரைப் பற்றி இரண்டு பேருக்குக் கொடுக்கும் படங்கள் ஒன்றாக இருக்குமானால் நீங்கள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை என்று பொருள்.

3. அஞ்சலட்டையில் வரும் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் கோபுரம், பிரிக்பீல்ட்ஸின் தோரண வாயில், பத்துமலையின் பெரிய முருகன் சிலை எல்லாம் கண்ணைக் கவரும். ஆனால் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா' ஆனது 2010 அக்டோபரில். தோரண வாயில் திறந்தது 2015-ல். பத்துமலையில் 42.7 மீட்டர் சிலை எழுந்தது 2006-ல், 272 படிகளுக்கும் வண்ணம் பூசியது 2018-ல். 1985-ல் ஊரைவிட்டுப் போன ஒருவருக்கு இவற்றில் எதுவும் சொந்த நினைவு கிடையாது. 'ஊர் இப்போது இப்படி' என்று ஒன்றிரண்டு வையுங்கள், போதும். அவருக்குத் தெரிந்த பத்துமலை வேறு. தைப்பூசத்தை ஒட்டி இரவில் துன் எச்.எஸ். லீ சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தின் பின்னே செருப்பில்லாமல் நடந்த தார்ச்சாலைதான் அவருக்குப் பத்துமலை. அந்தச் சாலையை எடுங்கள்.

4. ஒரே இடத்தை மூன்று தூரத்திலிருந்து எடுங்கள்.

பலவகைப் படம் வேண்டும் என்றால் இடத்துக்கு இடம் ஓடத் தேவையில்லை. கிள்ளானின் கோத்தா பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தட்டு வாகனங்களுக்கு, கீழ்த்தட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று கட்டிய இரண்டடுக்குப் பாலம். முதலில் கரையில் நின்று ஆற்றோடு சேர்த்து முழுப் பாலத்தையும் எடுங்கள். பிறகு கீழ்த்தட்டில் இறங்கி நடந்து, நடக்கிறவர் கண்ணுக்கு எதிரே நீளும் பாதையை எடுங்கள். மூன்றாவதாக அந்த இரும்புக் கைப்பிடிக்கு அருகே போங்கள். பூசிய பெயிண்ட்டின் மேல் பெயிண்ட், அது உரிந்த இடத்தில் துரு, கம்பியின் முக்குகளில் திருகாணி. பள்ளிக்குப் போகும்போது தினமும் கைவைத்து இழுத்துக்கொண்டே நடந்தவருக்கு அந்தக் கம்பிப் படம் போதும், மற்ற இரண்டும் இல்லாமலேயே பாலம் வந்துவிடும்.

கோயிலுக்கும் இதுவே வழி. கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலின் கோபுரத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். நீங்கள் கால் கழுவும் குழாயையும், செருப்பு விடும் இடத்தையும், பிரகாரத்தில் அவர் குடும்பம் வழக்கமாக உட்காரும் தூணையும் எடுங்கள். மூலஸ்தானத்தின் பக்கம் போனைத் திருப்ப வேண்டாம். எங்கே எடுக்கலாம் என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

5. விடியலைத் தவறவிடாதீர்கள்.

நம் தீபகற்பத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டி எழுகிறது. ஒன்பதரை, பத்துக்கெல்லாம் வெயில் ஏறி முகத்தில் கருநிழல் விழுந்துவிடும். ஏழரையிலிருந்து ஒன்பது வரை எடுத்த படம்தான் தேறும். மாலையில் ஆறிலிருந்து ஏழு.

மழையையும் வெறுக்காதீர்கள். நவம்பர் மாதத்துப் பிற்பகல் மழை நம் ஊரின் பாதி முகம். துன் சம்பந்தன் சாலைக் கடை வரிசையில், ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி நின்று தெருவைப் பார்த்து எடுங்கள். அந்த வெளிச்சத்தில் சேலைக் கடையின் நிறம்கூட மாறிவிடும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையைத் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒருமுறை, விழா முடிந்த மறுநாள் காலையில் ஒருமுறை எடுங்கள். கூட்டமும் சத்தமும் ஒரு படம். கடைக்காரர் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பது இன்னொரு படம். அந்த இரண்டாவதை யாரும் எடுப்பதில்லை.

6. மனிதர்களை எடுக்கும்போது பெயரைக் கேளுங்கள், பெயரை எழுதுங்கள்.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

1867-ல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் புகைப்பட நிறுவனமும், அதன் வழியில் வந்த படப்பிடிப்பாளர் கிளைன்குரோத்தும் அந்தக் காலத்து மலாயாவை ஏராளமாகப் படம் எடுத்தார்கள். தோட்டங்கள், ரயில் பாதைகள், ஆறுகள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. நம் முன்னோரும் இருக்கிறார்கள், வரிசையாக நிற்க வைக்கப்பட்டு. அப்படிப் பல படங்கள் அஞ்சலட்டையாகி உலகமெல்லாம் போயின. கீழே 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலிகள்' என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எந்தத் தோட்டம், கையில் இருந்த குழந்தை யாருடையது, ஒன்றும் தெரியாது. அந்த முகத்தில் என் பாட்டியின் சாயல் தெரிந்தாலும் என்னால் உரிமை கொண்டாட முடியாது. நூறாண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது.

ஆகவே பூக்கடையில் மாலை கட்டும் அக்காவைப் படம் எடுக்கும் முன் நின்று பேசுங்கள். "அக்கா, எங்க அம்மா சின்ன வயசுல இந்தப் பக்கந்தான் இருந்தாங்க, அவங்க பிறந்த நாளுக்குப் படம் எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். "உங்க அம்மா பேரு என்ன?" என்று திருப்பிக் கேட்பார்கள். மறுத்தால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். அனுமதித்தால் முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள், கையை எடுங்கள். இடது கை மொக்குகளை இரண்டிரண்டாக எதிரெதிரே அடுக்க, வலது கை நூலைச் சுற்றி முடிச்சிட்டு இழுக்கும். கண் அதைப் பார்ப்பதே இல்லை, வாடிக்கையாளரோடு விலை பேசிக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு அந்தக் கை போதும். கடைசியில் அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் இன்னொன்றும் உண்டு. பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோல் ஊன்றி நடக்கும் பலரை அங்கே பார்க்கலாம், மசாஜ் நிலையங்களில் வேலை செய்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு உங்கள் கேமரா தெரியாது. தெரியாததால் எடுத்துவிடலாம் என்று எண்ணுவது திருட்டு. அருகில் போய், நீங்கள் யார், என்ன எடுக்கிறீர்கள், யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால், படத்தில் என்ன வந்திருக்கிறது என்று எடுத்த பிறகு அவருக்கு வாயால் சொல்லுங்கள்.

7. ஊரே இல்லாமல் போயிருந்தால் பள்ளிப் பெயர்ப்பலகையைத் தேடுங்கள்.

உங்களில் பலருக்கு இதுதான் நேரப்போகிறது. "நாங்க இருந்த தோட்டம் இப்ப இல்லப்பா" என்பார் அப்பா. உண்மைதான். பெட்டாலிங் ஜெயா எழுந்தது 1950-களில் எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில். சுபாங் ஜெயா சீஃபீல்ட் தோட்டம். 1998 காமன்வெல்த் விளையாட்டு நடந்த புக்கிட் ஜாலில் அரங்கைச் சுற்றி இருந்ததும் தோட்டம்தான். லயத்து வீடுகள் போய்விட்டன, பால்மரமும் போய்விட்டது. இருந்தாலும் தோட்டம் மொத்தமாக அழிவதில்லை. பண்டார் உத்தாமாவில் ஒரு தமிழ்ப்பள்ளி இன்றும் எஃபிங்ஹாம் என்ற பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சீஃபீல்ட், எடின்பர்க், புக்கிட் ஜாலில் என்று தோட்டத்துப் பெயரோடு மாநகரக் கட்டடங்களுக்கு நடுவே தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டம் வைத்திருந்த பெயரை இன்று பகிரங்கமாக எழுதி வைத்திருப்பது பல இடங்களில் அந்தப் பலகை ஒன்றே. அதைக் காலை மணி அடிக்கும் நேரத்தில், பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது எடுங்கள்.

அடுத்துக் கோயிலைப் பாருங்கள். இடம் மாறியிருக்கலாம், ஆனால் பழைய சிலையோ, மணியோ, சூலமோ கூடவே வந்திருக்கும். பிறகு மரங்கள். மேம்பாட்டாளர்கள் விட்டுவைத்த ஆலமரமோ அரசமரமோ எங்காவது நிற்கும். கடைசியாக, நிலத்தின் மேடு பள்ளம். வீடுகள் மாறினாலும் சரிவு அவ்வளவாக மாறுவதில்லை. அப்பாவைக் காரில் அழைத்துப்போனால், "இந்த ஏத்தத்துலதான் பால் வாளியத் தூக்கிக்கிட்டுப் போவாங்க" என்று அவரே காட்டிவிடுவார். அந்தச் சரிவில் இன்று பேரங்காடியின் கார் நிறுத்துமிடம் இருந்தாலும் அதையே எடுங்கள். பக்கத்தில், வீட்டு ஆல்பத்திலிருந்து அந்தக் காலத்துப் படம் ஒன்றை வையுங்கள்.

கே.எல். சென்ட்ரலும் இந்தக் கணக்கில்தான் சேரும். 2001-ல் திறந்த அந்த நிலையம் பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் நிற்கிறது. ரயில்வேயில் வேலை செய்த தாத்தாவுக்கு அதன் பளபளப்பைக் காட்டுவதில் பயனில்லை. அங்கிருந்து இன்றும் தெரியும் தண்டவாளத்தைத் தேடிக் காட்டுங்கள்.

வலிக்கும் இடங்களும் இருக்கும். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதம், நீதிமன்றம், பாதியில் விட்ட பள்ளி. முன்கூட்டியே அம்மாவிடமோ அத்தையிடமோ கேளுங்கள். அவர் பேச விரும்பாத இடத்தைப் பிறந்த நாளன்று முன்னே நீட்டக் கூடாது. பேசுகிறவர் என்றால் மறைக்கவும் கூடாது.

8. பழைய படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள்.

பசைத் தாளும் மேலே பிளாஸ்டிக் உறையும் உள்ள ஆல்பங்களில் படங்கள் ஒட்டிப் போயிருக்கும். நகத்தால் நெம்பினால் முகத்தோடு வரும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை மூலையில் நுழைத்து, மெல்ல அறுப்பது போல இழுத்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும். பிரியவில்லையென்றால் விட்டுவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் சன்னல் ஓரத்தில் வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள்.

எடுத்ததை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று நமக்கு நினைவிருக்கிறது. தங்க நகையை மேலே ஏற்றியவர்களுக்கு ஆல்பத்தை ஏற்ற நேரமில்லை. அண்ணன் வீட்டில் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று, கணினியில் ஒன்று என்று பிரதி இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், அச்சுக்கு ஆகாது. கோப்பாக அனுப்புங்கள்.

9. முப்பது படத்துக்கு மேல் வேண்டாம்.

எடுப்பது முந்நூறாக இருக்கட்டும், கொடுப்பது முப்பது. கழிப்பதுதான் கடினம். ஒரே இடத்தில் இரண்டு படம் நன்றாக இருந்தால், அவர் வாழ்க்கைக்கு நெருக்கமானதை வையுங்கள், அழகானதை எடுத்துவிடுங்கள். வரிசையை அவர் நடந்த வழியாகவே அமைத்துவிட்டால் வேறு யோசனை தேவைப்படாது. வீட்டு வாசல், சந்து, கடை, பள்ளி, திடல், திரும்பும் வழியில் அப்பம் வாங்கிய இடம்.

எல்லாவற்றையும் ஒருவரே எடுக்க வேண்டியதும் இல்லை. அவரோடு படித்தவர்கள் கிள்ளானிலும் ரவாங்கிலும் காஜாங்கிலும் இருப்பார்கள். ஆளுக்கு இரண்டு படம் கேளுங்கள். ஒருவர் கண்ணுக்குப் படாதது இன்னொருவர் கண்ணில் படும்.

10. அச்சிடுங்கள், பின்புறம் எழுதுங்கள்.

4ஆர் அளவு கையில் பிடித்துப் பார்க்க ஏற்றது. கண் மங்கியவர் என்றால் பத்துப் படத்தை மட்டும் 8ஆர் போடுங்கள். பளபளப்புத் தாள் நம் ஈரக் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மேட் தாள் கேளுங்கள். பின்புறம் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்: இடம், நாள், நேரம், படத்தில் இருப்பவர், எடுத்தவர். தமிழில் எழுதிவிட்டு, தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளை வீட்டில் இருந்தால் மலாயிலும் ஒரு வரி எழுதுங்கள். அவனை விலக்கி வைத்துக் கொடுக்கும் பரிசு பாதிப் பரிசு.

11. மண்டபத்தில் கொடுக்காதீர்கள்.

மண்டபத்தில் பிரியாணி மணக்கும், மைக் இரையும், திரையை யாரும் பார்க்க மாட்டார்கள். மறுநாள் காலை, விருந்தாளிகள் போன பிறகு, தேநீர் போட்டு வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். நீங்கள் விளக்க வேண்டாம். அவர் பேசுவார், நிறுத்துவார், இரண்டு படம் பின்னுக்குப் போவார். அனுமதி கேட்டுக்கொண்டு போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். 'இங்க ஒரு சீனர் கடை இருந்துச்சு' என்று படத்தில் இல்லாததை அவர் சொல்வார். அதையும் பிறகு பின்புறம் எழுதிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு என்றால் பொட்டலத்தை நாளுக்கு மூன்று வாரம் முன்பே அஞ்சலில் சேர்த்துவிட்டு, அது கைக்குக் கிடைத்ததும் வீடியோ அழைப்பில் சேர்ந்து பாருங்கள்.

12. நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

பிறந்த நாளுக்கு ஆறு மாதம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். அந்த ஆறு மாதத்தில் கடை மூடும், கட்டடம் வேலிக்குள் போகும், சொல்ல வேண்டியவர் மருத்துவமனையில் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். கே.எல். சென்ட்ரலில் காலையில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானில் இறங்கினால் தெங்கு கிளானா சாலை நடக்கும் தூரம்தான். போனைச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள், பெயர்களைக் குறிக்கச் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும்.